வேலையை விட்டு ஊர் திரும்புவோரும் மருத்துவக் காப்பீடும்

நமது கிராமங்களிலிருந்து நகரத்துத் தொழிற்சாலைகளுக்குச் சென்று பல ஆண்டுகள் உழைத்தவர்கள், பின்னர் நிலபுலன்களைக் கவனிக்க ஊர் திரும்புவதை நாம் காண்கிறோம். சேமநிதியையும் பணிக்கொடையையும் அவர்கள் தவறாது கேட்டுப் பெறுகின்றனர். ஆனால் கம்பெனி எடுத்திருந்த மருத்துவக் காப்பீடு என்னவாயிற்று என்று கேட்போர் சிலரே.

முதலாளி தம் ஊழியர் அனைவருக்குமாக எடுப்பது குழுக் காப்பீடு. இ.எஸ்.ஐ. திட்டம் இதனின்றும் வேறானது. வேலை நீங்கினால் குழுக் காப்பீடும் பெரும்பாலும் நீங்கிவிடும். அதன்பின் ஆற அமரப் புதிய பாலிசி எடுத்தால், முன்பே உள்ள நோய்களுக்கு 36 மாதம் வரை காத்திருக்க நேரிடலாம். இவ்வரம்பு 48 மாதமாக இருந்து, 2024-ஆம் ஆண்டில் குறைக்கப்பட்டது.

இந்த இடர்ப்பாட்டைத் தவிர்க்க வழியுண்டு. குழுக் காப்பீட்டில் இருப்பவர், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கோ குடும்பப் பாலிசிக்கோ மாறிக்கொள்ள விதிகள் இடமளிக்கின்றன. அவ்வாறு மாறினால், முன்னர் காப்பீட்டில் கழிந்த காலமும் கணக்கில் சேரும். உதாரணமாக, நீரிழிவு நோயுள்ள ஒருவர் குழுக் காப்பீட்டில் 24 மாதம் இருந்தார் என்று கொள்வோம். புதிய பாலிசியில் காத்திருப்புக் காலம் 36 மாதமானால், எஞ்சிய 12 மாதமே அவர் காத்திருக்க வேண்டும். ஆனால் இச்சலுகை பழைய காப்பீட்டுத் தொகையின் அளவுக்கே உரியது. 3 லட்சம் ரூபாயை 5 லட்சமாக உயர்த்திக்கொண்டால், கூடுதலான 2 லட்சத்திற்குக் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

இனிப் பிரீமியத்தை நாமே செலுத்த வேண்டும். வயதுக்கேற்ப அது உயரும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டிற்கு இருந்த 18 சதவிகித ஜி.எஸ்.டி. வரி, 22-9-2025 முதல் நீக்கப்பட்டது ஓரளவு ஆறுதல். நிறுவனம் மருத்துவப் பரிசோதனை கோரலாம்; விண்ணப்பத்தை மறுக்கவும் கூடும். அதற்கு அஞ்சி நோயை மறைத்தல் தகாது. மறைத்தது வெளிப்பட்டால், சிகிச்சைக்குப் பணம் தேவைப்படும் வேளையில் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

ஆகவே, ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியவை மூன்று: பாலிசி எண்ணையும் காப்பீட்டில் இருந்த காலத்தையும் எழுத்து மூலம் பெறுதல், பாதுகாப்பு எந்தத் தேதியில் முடிகிறதென அறிதல், அத்தேதிக்கு முன்னரே மாற்றத்திற்கு விண்ணப்பித்தல்.

ஒரு பெரிய அறுவைச் சிகிச்சைக்காக நிலத்தை அடமானம் வைத்த குடும்பங்களை நாம் அறிவோம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கிராம சபையில் இச்செய்தியை எடுத்துரைத்தால், அந்நிலை சில குடும்பங்களுக்கேனும் நேராதிருக்கும்.