ஓடிப் பழகிய நாம் நெருப்புக்கு ஆயத்தமா?

ஒரு காலத்தில் எமது வீடுகள் எல்லாவற்றிலும் வாசலடியில் ஒரு பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, பிள்ளைக்கு ஒரு சோடி உடுப்பு, ஒரு போத்தல் தண்ணீர். ஷெல் சத்தம் கேட்டதும் அதைத் தூக்கிக்கொண்டு ஓட எமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. அனுபவமே கற்றுத் தந்தது. 2009இல் போர் ஓய்ந்தது, பையும் அவிழ்க்கப்பட்டது. ஆனால் கிடுகுக் கொட்டிலிலும் தறப்பாளின் கீழும் வாழும் குடும்பங்களுக்கு இன்னொரு ஆபத்து வீட்டுக்குள்ளேயே இருக்கின்றது. அதுதான் நெருப்பு.

காய்ந்த கிடுகில் பற்றிய நெருப்பு சில நிமிடங்களில் கூரை முழுவதையும் தின்றுவிடும். சோளகம் வீசும் மாதங்களில் பக்கத்துக் கொட்டிலுக்கும் பாயும். தறப்பாளோ உருகிச் சொட்டும். தீயணைப்பு வண்டிகள் பெரும்பாலும் நகரங்களிலேயே நிற்கின்றன. 110 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கத்தான் வேண்டும். எனினும் தூரத்துக் கிராமமொன்றுக்கு வண்டி வந்து சேருமுன் கொட்டில் சாம்பலாகிவிடும். ஆகவே வீட்டைக் காப்பாற்றும் வேலை நெருப்புப் பற்றுவதற்கு முன்னரே செய்யப்பட வேண்டியதாகும்.

குப்பி விளக்கு

மண்ணெண்ணெய் கிடைக்காத தொண்ணூறுகளில் ஜாம் போத்தலுக்குள் சொற்ப எண்ணெய் விட்டு எரித்த விளக்கை நாம் மறந்திருக்க மாட்டோம். 2022இல் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மின்சாரம் உள்ள வீடுகளிலும் விளக்குகள் மீண்டும் ஏற்றப்பட்டன.

விளக்கில் உள்ள குறை என்ன? உயர்ந்த, பாரமற்ற போத்தல் பூனை தட்டினாலும் விழுந்து உருளும். இறுக்கமில்லாத மூடி கழன்று எண்ணெய் கொட்டும். கொட்டிய எண்ணெயில் திரி பற்றவைக்கும். எரிகாயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர இதைக் கவனித்தே பாதுகாப்பான விளக்கொன்றை உருவாக்கினார். அது கட்டையானது, கனமான கண்ணாடியாலானது. இரு பக்கங்கள் தட்டையாக இருப்பதால் விழுந்தாலும் உருளாது. திருகுமூடி இருப்பதால் எண்ணெய் கொட்டாது. இந்த முயற்சிக்காக 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது.

அத்தகைய விளக்கு கிடைக்காவிட்டால், கட்டையான தடித்த போத்தலாகவும் தகரத் திருகுமூடி உள்ளதாகவும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். பிளாஸ்டிக் போத்தல் கூடவே கூடாது. மண்ணெண்ணெயுடன் பெற்றோல் கலக்க வேண்டாம். எரியும் விளக்குக்கு எண்ணெய் விட வேண்டாம். அணைத்து, ஆறவிட்டு, பிறகு விடுங்கள். மணல் பரப்பிய தட்டில் விளக்கை வையுங்கள். நுளம்பு வலை, பாய், கிடுகுச் சுவர் ஆகியவற்றிலிருந்து எட்டவே இருக்கட்டும். நுளம்புத்திரிக்கும் இதே கவனம் தேவை. சூரிய ஒளியில் ஏற்றும் விளக்கோ டோர்ச்சோ உள்ளவர்கள், படுக்கும் இடத்தில் அதையே பாவியுங்கள்.

குசினி

முடிந்தால் குசினியைக் கொட்டிலிலிருந்து தள்ளி, காற்று கொட்டிலை நோக்கி நெருப்பைக் கொண்டுபோகாத பக்கமாக அமையுங்கள். அடுப்படிச் சுவருக்குக் களிமண் பூசுங்கள். அடுப்புக்கு நேர் மேலே கிடுகுக்குப் பதிலாகத் தகரம் போடுங்கள். விறகை அடுப்புக்கு மேலே காயவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். படுக்குமுன் தணலுக்குத் தண்ணீர் தெளியுங்கள். வீட்டைச் சுற்றியுள்ள காய்ந்த புல்லைச் செருக்கி, வைக்கோற்போரைத் தூரத்தில் வையுங்கள். ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், ஒரு சாக்கு எப்போதும் வாசலடியில் இருக்கட்டும். எண்ணெய் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றினால் அது பரவும். மணலும் நனைத்த சாக்குமே அதற்கு உகந்தவை.

முதலில் ஆட்கள்

கிராமமொன்றில் ஒரு தாயைச் சந்தித்தோம். கொட்டில் பற்றியபோது மூன்று பிள்ளைகளையும் வெளியே கொண்டுவந்துவிட்டார். பின்னர் காணி உறுதி இருந்த பெட்டிக்காகத் திரும்ப உள்ளே போனார். உறுதி மிஞ்சியது. ஆனால் வெந்து சுருங்கிய விரல்களால் அவரால் இன்று ஒரு வெங்காயம்கூட நட முடிவதில்லை. "காணி இருக்கு ஃபாதர், கை இல்லை" என்றார்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு கடதாசி எவ்வளவு பெறுமதியானது என்பதை நாம் அறிவோம். அதனாற்றான் சொல்கின்றோம்: பையை மீண்டும் கட்டுங்கள். பத்திரங்களைப் பொலித்தீனில் சுற்றி, படுக்கும் இடத்துக்கும் வாசலுக்கும் இடையில் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். பிரதிகளை வேறொரு உறவினர் வீட்டில் வையுங்கள். பதிவு செய்த உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்திலும், பிறப்புச் சான்றிதழைப் பிரதேச செயலகத்திலும் மீண்டும் பெறலாம். வெளியே வந்தவர் எதற்காகவும் திரும்ப உள்ளே போகக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. ஷெல்லுக்குப் பயந்து பதுங்கினோம். நெருப்புக்குப் பதுங்கினால் சாவுதான். பயந்த பிள்ளை கட்டிலுக்குக் கீழும் நெல்மூட்டைக்குப் பின்னும் ஒளிக்கும். "நெருப்பு என்றால் வெளியே ஓடு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுங்கள். புகைக்குள் குனிந்து, தவழ்ந்து வரப் பழக்குங்கள். எல்லோரும் கூடுவதற்கு வளவில் ஒரு மரத்தைக் குறித்து வையுங்கள். அங்கே தலைகளை எண்ணலாம். கிழவர், நோயாளி, கைக்குழந்தை ஆகியோரை யார் யார் தூக்குவது என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள்.

சுட்டுவிட்டால்

உடுப்பில் நெருப்புப் பற்றினால் ஓட வேண்டாம். நிலத்தில் விழுந்து உருளுங்கள். எரிந்த இடத்துக்கு 20 நிமிடம் சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டிருங்கள். பற்பசை, தேங்காயெண்ணெய், மை எதுவும் பூச வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் மூடி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை. இன்றிரவு விளக்கை அணைக்குமுன் குடும்பமாக இருந்து ஒருமுறை கதையுங்கள். பிள்ளைகளை அந்த மரம்வரை ஓடிக் காட்டச் சொல்லுங்கள். பலமுறை எல்லாவற்றையும் இழந்து மீண்டும் கட்டியெழுப்பியவர்கள் நாம். கவனக்குறைவினால் இன்னொரு முறை இழக்க வேண்டாம்.