விளக்கு சிமிட்டினால் பூட்டிவிட்டதாக அர்த்தமா?

முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்கள் காந்தி ரோட்டில் இரண்டு மூன்று கடை ஏறி இறங்குவார்கள். எடுத்த வரைக்கும் காரில் வைத்துவிட்டு, வந்ததற்கு ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் சேவித்துவிட்டுப் போகலாம் என்று கிளம்புவார்கள். ரிமோட்டை அழுத்தினால் 'பீப்' என்கிறது, நான்கு இண்டிகேட்டரும் சிமிட்டுகின்றன. கார் பழையது என்றால் அந்தச் சத்தத்தை நம்பிப் போகாதீர்கள்.

காரணம் எளிது. மாருதி 800, இதே மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் தயாரான சான்ட்ரோ போன்ற வண்டிகளின் விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் கம்பெனி சென்டர் லாக் கிடையாது. பிறகு வெளியே ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் மாட்டியதுதான். அப்படி மாட்டிய சென்டர் லாக் பெட்டி 'பூட்டு' என்று கட்டளை அனுப்பிவிட்டு விளக்கைச் சிமிட்டும். கதவு பூட்டியதா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. பின்கதவு மோட்டார் செத்துக் கிடந்தாலும் விளக்கு சிமிட்டத்தான் செய்யும். டிக்கியை இந்த அமைப்போடு இணைக்காமல் விட்ட வண்டிகளும் நிறைய. ஆகவே நான்கு கைப்பிடியையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள், டிக்கியையும் சேர்த்து.

ஒரு கதவு மட்டும் பூட்டவில்லை என்றால் மெக்கானிக் முதலில் சொல்வது, "மோட்டார் போச்சு சார், மாத்திடலாம்." மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. கதவுக்கும் வண்டி உடலுக்கும் நடுவே ஒரு ரப்பர் குழாய் வழியாக ஒயர்கள் போகின்றன. கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அவை மடங்கி நிமிர்கின்றன. வருடக்கணக்கில் மடங்கிய செம்புக் கம்பி உள்ளே அறுந்துவிடும், மேலுறை மட்டும் நன்றாகவே இருக்கும். அதிகம் திறந்து மூடுவது ஓட்டுநர் கதவு என்பதால் அங்கேதான் இது முதலில் நேரும். கதவை மெல்ல அசைத்துக்கொண்டே பூட்டிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் வேலை செய்தால் ஒயர்தான் அறுந்திருக்கிறது, மோட்டாரை மாற்றி ஒரு பயனும் இல்லை. மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் கதவு பூட்டவில்லையென்றால், உள்ளே மோட்டாரையும் பூட்டையும் இணைக்கும் கம்பியைப் பிடிக்கும் கிளிப் கழன்றிருக்கும்.

நான்கும் சேர்ந்து படுத்துவிட்டால் முதலில் ரிமோட் பேட்டரி, அடுத்து ஃபியூஸ், கடைசியாக ஓட்டுநர் கதவு மோட்டார் என்று பாருங்கள். வெளியே மாட்டும் செட்டுகளில் பொதுவாக ஓட்டுநர் கதவு மோட்டாருக்கு ஐந்து ஒயர், மற்றவற்றுக்கு இரண்டு. ஓட்டுநர் கதவைச் சாவியால் பூட்டும்போது மற்ற கதவுகளுக்கு உத்தரவு போவது அந்த ஐந்து ஒயர் மோட்டாரிலிருந்துதான். பூட்டியவுடனே தானாகத் திறந்துகொள்ளும் நோய்க்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பழுது கூடுவதற்கும் காரணம் உண்டு. கண்ணாடி ஓரத்து பீடிங் ரப்பர் இறுகிப்போனால் கதவுக்குள் தண்ணீர் இறங்கும். அது வெளியேறக் கதவின் அடியில் துளைகள் உள்ளன. அவை மண்ணால் அடைபட்டால் மோட்டார் ஈரத்திலேயே கிடக்கும். உள் அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். வேலை பார்ப்பவர் அதைக் கிழித்துவிட்டு அப்படியே அட்டையை மாட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. திரும்ப ஒட்டச் சொல்லுங்கள்.

இனி உரிமை. பில் இல்லாமல் வேலை கொடுக்காதீர்கள். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். காசு வாங்கியும் பழுது தீரவில்லையென்றால் அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். அங்கே முடியாவிட்டால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. தயாரிப்புக் குறைக்காக வண்டிகளைத் திரும்ப அழைக்கும் விதி 2021 ஏப்ரலில் வந்தது; ஆனால் அது ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். பழைய கார்காரருக்கு அந்தக் கதவு மூடியேதான் இருக்கிறது.

இன்சூரன்ஸ் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சாதாரண கார் பாலிசி, காருக்குள் வைத்திருக்கும் பொருளுக்குப் பொறுப்பேற்காது. தனியாக 'பர்சனல் பிலாங்கிங்ஸ்' கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய, திருடுபோன பட்டுக்கு நஷ்ட ஈடு கிடைக்காது. அதிலும் உச்சவரம்பும் நிபந்தனைகளும் உண்டு. வெளியே மாட்டிய மின்சாதனங்களையும் பாலிசியில் அறிவித்து, அதற்கான பிரீமியம் கட்ட வேண்டும். வண்டியே திருடுபோய், 'உங்கள் அலட்சியம்' என்று சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனி முழுவதையும் மறுத்தால் விட்டுவிடாதீர்கள். ஓட்டுநர் சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கிய ஒரு லாரித் திருட்டு வழக்கில், 2023-ல் உச்ச நீதிமன்றம் 75 சதவீதம் வழங்கச் சொன்னது. கம்பெனி மறுத்தாலோ ஒரு மாதம் பதில் தராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம், செலவில்லை. திருட்டுப் புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். பெங்களூரிலிருந்து வந்தவர் ஊர் திரும்பிய பிறகு அங்கேயே கொடுத்தாலும், எல்லை தாண்டிய குற்றம் என்று தட்டிக் கழிக்க முடியாது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 173-வது பிரிவு சொல்வது அது, எஃப்.ஐ.ஆர். நகலும் இலவசம்.

பட்டு போனால் பணத்தோடு போயிற்று. பூட்டாத பூட்டை விட, திறக்காத பூட்டுதான் பயங்கரம். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தி வைத்திருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்துபோனார்கள். 2025 மே மாதம் ஆந்திராவின் விஜயநகரம் அருகே துவாரப்பூடியில் நான்கு குழந்தைகள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி அளவுக்கு ஏறிவிடும். குழந்தையின் உடல் பெரியவர்களை விடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். பின்கதவில் 'சைல்டு லாக்' போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்கவே முடியாது. பேட்டரி இறங்கிய காரில் பவர் விண்டோவும் இறங்காது.

ஓட்டாமல் தெருவோரம் கிடக்கும் கார் உங்கள் வீட்டுடையது என்றால் எல்லாக் கதவையும் பூட்டிவிடுங்கள், சாவி குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. ஓட்டும் காரில் உள்ளிருந்து நான்கு கதவும் கையால் திறக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பூட்டிய காருக்குள் குழந்தை இருப்பதைக் கண்டால் சாவிக்காரரைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். குழந்தைக்குத் தூரமான பக்கத்துக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள். முன்கண்ணாடி எளிதில் உடையாது. வேறொருவரை 112-க்கும் 108-க்கும் கூப்பிடச் சொல்லுங்கள். உடைந்த கண்ணாடியை மாற்றிக்கொள்ளலாம்.