நகரும் பனியிடையே நகராத கப்பல்

வடதுருவக் கடலிற் பனிப்பாளங்கள் ஓரிடத்தில் நில்லா. காற்றும் நீரோட்டமும் இழுத்த வழியே பெயர்ந்துகொண்டேயிருக்கும். கடலடியைத் துளையிடும் கப்பலோ பெயராது நிற்றல் வேண்டும். பனி அதனைத் தள்ளிவிடின் ஆழத்தில் இறக்கிய குழாய் முறிந்துபோம்.

2004 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், துருவத்திற்குச் சுமார் 250 கிலோமீற்றர் தொலைவில், ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் விஞ்ஞானிகள் இதனைச் சாதித்தனர். பனி வருந் திசையில் ருஷ்யாவின் அணுசக்திக் கப்பலாகிய ‘சோவியெத்ஸ்கி சோயுஸ்’ முன்னின்று பெரும் பாளங்களைப் பிளந்தது. அடுத்து நின்ற சுவீடனின் ‘ஓடன்’ அவற்றைச் சிறு துண்டுகளாக நொறுக்கியது. அத்துண்டுகள் இருமருங்கும் விலகிச் செல்ல, ‘விடார் வைக்கிங்’ நிலைபெயராது துளையிட்டது.

கிடைத்த மண் உரைத்ததென்ன? சுமார் ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அக்கடலின் மேற்பரப்பு 20 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பமுற்றிருந்ததாம்! மூன்று கப்பல்களின் ஒற்றுமையாலன்றோ இவ்வுண்மையை நாம் அறிந்தோம்.