புதுப் பள்ளியில் ஓர் இருக்கை

ஜூன் மாதத்தில் பள்ளிகள் திறக்கும் நாள்களில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்துப் பேருந்து நிறுத்தங்களைக் காண்போர் ஒரு காட்சியைக் கவனித்திருப்பார்கள். மடிப்புக் கலையாத புதுச் சீருடையில், கூட்டத்திலிருந்து சற்றே ஒதுங்கி, புத்தகப் பையை மார்போடு அணைத்தவாறு ஒரு பிள்ளை நிற்கும். பழைய பள்ளியில் ஐந்தாம் வகுப்போ எட்டாம் வகுப்போ முடித்து, உயர்நிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளை அது. மாலையில் வீடு திரும்பியதும், "இன்று என்ன பாடம் நடத்தினார்கள்?" என்று தாய் கேட்கிறார். "என்னோடு எவரும் பேசவில்லை, உம்மா" என்று பிள்ளை சொல்லுமாயின், "நீ படிக்கப் போனாயா, பேசப் போனாயா?" என்னும் மறுமொழி ஆயத்தமாக இருக்கிறது.

அந்த மறுமொழியை நாவிலேயே நிறுத்திக் கொள்வது நன்று. புதிதாக வந்தவர் எவ்வாறு பேசத் தொடங்க வேண்டும், முன்னரே இருப்பவர் அவரை எவ்வாறு ஏற்க வேண்டும் என்பது நம் மார்க்கம் சிறு செய்தியென ஒதுக்கிவிட்ட ஒன்றன்று.

கி.பி. 622-இல் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவைத் துறந்து மதீனா சேர்ந்தபோது அவர்களும் அவ்வூருக்குப் புதியவரே. வந்திருப்பவர் எத்தகையவர் எனக் கண்டறிய மக்கள் திரண்டனர். யூத அறிஞராயிருந்து பின்னர் இஸ்லாத்தைத் தழுவிய அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்களும் அக்கூட்டத்தில் நின்றார்கள். அண்ணலாரின் திருமுகத்தைக் கண்ட மாத்திரத்திலேயே அது பொய்யருடைய முகமன்று என்று உணர்ந்ததாகவும், தாம் முதன்முதலாகச் செவியுற்ற நாயக வாக்கு ஸலாமைப் பரப்புமாறும், பசித்தவர்க்கு உணவளிக்குமாறும், உறவைப் பேணுமாறும், மக்கள் உறங்கும் வேளையில் தொழுமாறும் கூறியது என்றும் அவர்கள் அறிவித்துள்ளார்கள். புதிய ஊரில் கூறப்பட்ட அவ்வறிவுரையில் ஸலாமே முதலிடம் பெற்றது.

யார் யாருக்கு முந்திச் சொல்வது என்பதற்கும் நபிமொழியில் ஒழுங்கு உண்டு. வாகனத்தில் செல்பவர் நடப்பவருக்கும், நடப்பவர் அமர்ந்திருப்பவருக்கும், சிறு கூட்டத்தார் பெருங் கூட்டத்தாருக்கும் ஸலாம் உரைப்பர். இதை வகுப்பறையில் பொருத்திப் பாருங்கள். உள்ளே நுழையும் பிள்ளை தனியாள். அமர்ந்திருப்போர் நாற்பது பேர். முதற் சொல் நுழையும் பிள்ளையுடையது. சகோதர சமயத்துத் தோழரிடம் அவர் பழகிய நல்வார்த்தையால் நலம் விசாரித்து, தன் பெயரைச் சொல்லி, அவர் பெயரைக் கேட்டால் போதும். சக மனிதரை நோக்கிப் புன்னகைப்பதையும் தருமம் எனக் கூறிய மார்க்கம் இது.

அதன்பின் என்ன பேசுவது என்று தயங்கும் பிள்ளைக்கு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாற்றைச் சொல்லலாம். மக்காவிலிருந்து அவர்கள் வெறுங்கையுடன் வந்தார்கள். அவர்களை மதீனாவாசியான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களுக்குச் சகோதரராக நபிகளார் இணைத்து வைத்தார்கள். ஸஅத் (ரலி) தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். வந்தவரோ அவர்களை வாழ்த்திவிட்டு, கடைத்தெருவுக்கு வழி எதுவென்று மட்டும் கேட்டார்கள். பாலாடைக் கட்டியும் நெய்யும் விற்றுச் சில நாள்களிலேயே தம் காலில் நின்றார்கள். புதியவர் ஊராரிடம் கேட்கத்தக்க கேள்விக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு நமக்குத் தெரியவில்லை. குடிநீர்க் குழாய் எங்கே, நூலகம் எப்போது திறக்கும், கணக்கு ஆசிரியர் வீட்டுப்பாடத்தை எந்நாளில் பார்ப்பார் என்று பிள்ளை கேட்கட்டும். கேட்கப்பட்டவருக்கும் அது மகிழ்ச்சியே தரும்.

நாவே எழாத பிள்ளைகளும் உண்டு. அவர்களைக் கூச்ச சுபாவி என்று உறவினர் முன் கேலி செய்யாதீர்கள். தம் நாவின் முடிச்சை அவிழ்க்குமாறு இறைவனிடம் இறைஞ்சியவர்கள் மூஸா (அலை) அவர்கள். பேச்சில் தம்மினும் வல்லவரான ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் வேண்டிப் பெற்றார்கள். நபிக்கே துணை தேவைப்பட்டதென்றால், பதினொரு வயதுப் பிள்ளை பக்கத்து வீட்டு மாணவனோடு சேர்ந்து பள்ளிக்குச் செல்ல விரும்புவதில் குறை என்ன?

இனி, அமர்ந்திருப்போரின் பங்கைப் பார்ப்போம். சபைகளில் இடம் விடுமாறு கூறப்பட்டால் இடம் விடுங்கள், அல்லாஹ் உங்களுக்கு இடம் விசாலமாக்குவான் என்னும் கருத்துடைய கட்டளை திருமறையின் 58-ஆம் அத்தியாயத்தில் 11-ஆம் வசனமாக உள்ளது. பள்ளிவாசலின் தொழுகை வரிசைக்கு இதைப் பொருத்துகிறோம். பள்ளிக்கூடத்துப் பலகைக்குப் பொருத்த மறந்துவிடுகிறோம்.

அந்தப் பலகையில் இடம் இழந்த ஒரு சிறுவரைத் தமிழுலகம் அறியும். ஆவடியிலுள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையம் உள்ளிட்ட பாதுகாப்பு ஆய்வகங்களுக்கெல்லாம் 1992 முதல் 1999 வரை தலைமை தாங்கி, 2002-இல் குடியரசுத் தலைவரான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களே அச்சிறுவர். இராமேசுவரம் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பில், தொப்பியணிந்து முதல் வரிசையில், கோயில் குருக்களின் மைந்தர் இராமநாத சாஸ்திரியின் அருகில் அவர் அமர்வது வழக்கம். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் அதைப் பொறாது அவரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். முன் வரிசையிலேயே இருந்த நண்பர் அழுத அழுகைதான் நெடுங்காலம் தம் நெஞ்சில் நின்றது என்று கலாம் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். செய்தியறிந்த இலட்சுமண சாஸ்திரியார் ஆசிரியரை அழைத்து, பிஞ்சு உள்ளங்களில் நஞ்சைக் கலக்காதீர் என்று கண்டித்தார். ஆசிரியரும் வருந்தித் திருந்தினார். தன் மகனுக்கு ஒரு குறையும் நேராதபோதும் அந்தத் தந்தை வாய் திறந்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னர் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த கலாம் அவர்களுக்கு அப்புதுச் சூழல் எளிதில் ஒட்டவில்லை. வீட்டு நினைவும், தாயார் செய்யும் போளியின் நினைவும் வாட்ட, வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் இராமேசுவரம் ஓடினார். ஒருநாள் வழி தவறி வேறொரு வகுப்பறைக்குள் நுழைந்துவிட, கணித ஆசிரியர் இராமகிருஷ்ண ஐயர் அனைவர் முன்னிலையிலும் பிரம்பால் அடித்தார். பல மாதங்களுக்குப் பின் கணிதத்தில் முழு மதிப்பெண் பெற்றபோது, அதே ஆசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் அந்நிகழ்ச்சியைக் கூறிப் பெருமிதம் கொண்டார். (பிரம்படியை நாம் ஆதரிக்கவில்லை. இடைப்பட்ட அம்மாதங்களில் அச்சிறுவர் பள்ளியை விட்டு ஓடிவிடாமல் நின்றாரே, அதுவே நமக்கு வேண்டிய பாடம்.) ஐயாதுரை சாலமன் என்னும் அன்பான ஆசிரியர் ஒருவர் அங்கு வாய்த்ததும் இறையருளே.

நம் வட்டாரத்தில் இது எவருக்கும் அயலான செய்தியன்று. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானது. 1965-இல் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அந்நாள் தொட்டு நெல்லையிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வேலூரிலிருந்தும், அண்டை மாநிலங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தவர்களால் பெருகிய ஊர்கள் இவை. நம்மில் பலர் புதியவராய் வந்தவர்களே, அல்லது அவர்தம் மக்களே. ஆயினும் நம் பிள்ளை ஒதுக்கப்பட்டால் மனம் பதைக்கும் நாம், நம் பிள்ளை எவரையேனும் ஒதுக்கியதா என்று கேட்பதில்லை.

மூவர் கூடியிருக்கையில் ஒருவரை விட்டுவிட்டு இருவர் மட்டும் தமக்குள் இரகசியம் பேச வேண்டாம், அது மூன்றாமவரை வருத்தும் என்று தடுத்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். வகுப்பறையில் இக்கொடுமை நாள்தோறும் நடக்கிறது. மற்றவருக்கு விளங்காத வீட்டு மொழியில் இருவர் பேசிச் சிரிப்பதும் இதைச் சேர்ந்ததே. பட்டப்பெயர் சூட்டுவதையோ திருமறையின் 49-ஆம் அத்தியாயம் வெளிப்படையாகவே விலக்குகிறது. கறுப்பன், குட்டையன், 'ஊர்க்காரன்' என்றெல்லாம் நம் பிள்ளைகளின் வாயில் வரும் சொற்களை உணவு வேளையிலேனும் செவிமடுத்துக் கேளுங்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு மற்றொன்றும் உண்டு. வெள்ளிதோறும் ஜும்ஆ நேரமும் பள்ளியின் மதிய இடைவேளையும் எல்லா இடங்களிலும் ஒத்து வருவதில்லை. புதிய மாணவன் கேட்க அஞ்சித் தொழுகையை விடுகிறான். அல்லது சொல்லாமல் நழுவிச் சென்று ஏச்சு வாங்குகிறான். முதல் வாரத்திலேயே தந்தை ஒரு கடிதம் எழுதித் தரட்டும். ஆனால் அதைக் கொடுப்பவன் மகனாகவே இருக்கட்டும். ஆசிரியரின் கண்ணை நோக்கி, எத்தனை மணிக்குச் சென்று எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று அவனே தெளிவாகச் சொல்லி, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கட்டும். மூன்று வெள்ளிகள் அவ்வாறு நடந்தால், நான்காம் வெள்ளியில் ஆசிரியரே அவனுக்கு நேரத்தை நினைவூட்டுவார்.

அம்பத்தூரில் நாம் அறிந்த ஒரு வீட்டில், "எவரும் பேசவில்லை" என்று முதல் வாரம் முழுதும் அழுத மகள் இருக்கிறாள். முக்காட்டைப் பற்றி ஒருத்தி கேட்ட கேள்விக்குக் கோபிக்காமல் விடை சொன்னதிலிருந்து பேச்சு தொடங்கிற்றாம். ஆகஸ்டு மாதத்தில் பீகாரிலிருந்து வந்த ஒரு தொழிலாளியின் மகள் அதே வகுப்பில் சேர்ந்தாள், தமிழ் அறியாதவள். அன்று மாலை, "இன்று யார் அருகில் அமர்ந்தாய்?" என்று தாய் கேட்டார். "பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டேன், உம்மா, அவள் என் பக்கத்தில்தான்" என்றாள் மகள்.