மகிழுந்தின் ஈசியு: பழுதறிதலும் பழுதுநீக்கமும்

ஈசியு எனப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டகம், எஞ்சினுக்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும், எப்போது தீப்பொறி எழ வேண்டும் என்பதை முடிவு செய்யும் சிறு கணினி ஆகும். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதிகளை ஈசியு இன்றி நிறைவேற்ற இயலாது.

பழுதறிதல்

எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 முனை இணைப்பியில் ஸ்கேனரைப் பொருத்திப் பிழைக்குறியீட்டைப் படிக்கலாம். குறியீடு காட்டுவது கோளாறான மின்சுற்றை; கெட்டுப்போன பாகத்தை அன்று. எடுத்துக்காட்டாக, பி0335 என்பது கிராங்க் சென்சார் சுற்றைக் குறிக்கும். சென்சார் கெட்டிருக்கலாம், எலி ஒயரைக் கடித்திருக்கலாம், கனெக்டரில் களிம்பு ஏறியிருக்கலாம். ஆகவே ஈசியுவை மாற்றும் முன் மல்டிமீட்டரால் மூன்றைச் சோதிக்க வேண்டும்:

1. பாட்டரியின் 12 வோல்ட் ஈசியுவை அடைகிறதா?
2. எர்த் இணைப்பு உறுதியாக உள்ளதா?
3. ஈசியு சென்சார்களுக்கு 5 வோல்ட் தருகிறதா?

முதல் இரண்டும் சரியாக இருந்து 5 வோல்ட் மட்டும் வராவிட்டால், சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பினால் பழுது அந்தச் சென்சாரில் உள்ளது. எதைக் கழற்றியும் வராமல், ஒயரிலும் ஷார்ட் இல்லையென்றால் மட்டுமே ஈசியுவைத் திறக்க வேண்டும்.

பழுதுநீக்கம்

ஈசியுவுக்குள் நீர் புகுந்தால் மின்சுற்றுப் பலகை அரிக்கும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் பல மகிழுந்துகள் மூழ்கின. மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பாமல் முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும்.

பலகையிலுள்ள பீங்கான் மின்தேக்கிகளும் கவனத்துக்குரியவை. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைபோல அவையும் வளையாமல் விரிசல் விடும். விரிசல் ஷார்ட் ஆகலாம். அத்தகைய மின்தேக்கியை மட்டும் மாற்றினாலே ஈசியு உயிர்பெறுவது உண்டு.

வேறொரு வண்டியின் ஈசியுவைப் பொருத்தினால், திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசர் பெரும்பாலும் எஞ்சினை ஓடவிடாது. பழைய ஈசியுவின் நினைவகத் தரவை அதில் பதிய வேண்டும்.