துக்கத்தோடு களமிறங்கும் பிள்ளைகள்

(வானொலி மறையுரைச் சிந்தனை)



மாலை வெயில் தாழ்ந்தபின் பட்டினப்பாக்கம் மணலிலோ பெசன்ட் நகர் கடற்கரையிலோ நடந்து சென்றால், செருப்புகளைக் கழற்றி இரு பக்கமும் கோல் கம்பங்களாக வைத்துக்கொண்டு பிள்ளைகள் பந்து விளையாடுவதைப் பார்க்கிறோம். அவர்களில் யார் வீட்டில் என்ன நடந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. போன மாதம் தந்தையைப் பறிகொடுத்த பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். தெரிந்தவர்கள் பார்த்தால், "அப்பா போய் முப்பது நாள்கூட ஆகல, அதுக்குள்ள இவனுக்கு விளையாட்டு கேக்குதா?" என்பார்கள். வேறு சிலர், "எவ்வளவு மனதைரியம் பாருங்க!" என்று வியப்பார்கள். இந்த இரண்டு பேச்சுமே அந்தப் பிள்ளையின் உள்ளத்தைத் தொடுவதில்லை. துக்கத்தைச் சுமந்துகொண்டே விளையாடும் ஒரு பிள்ளையை நாம் எப்படிப் புரிந்துகொள்வது? அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யவேண்டியது என்ன? இதை இன்று சிந்திப்போம்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப்போட்டி நடைபெற்றது. இஸ்பெயினும் இங்கிலாந்தும் மோதின. எழுபத்தைந்தாயிரத்திற்கும் மேற்பட்டோர் அரங்கில் கூடியிருந்தனர். ஆட்டத்தின் 29ஆவது நிமிடத்தில், இஸ்பெயின் அணித்தலைவி ஓல்கா கார்மோனா இடது காலால் தாழ்வாக உதைத்த பந்து, கோல்காப்பாளரைக் கடந்து வலைக்குள் சென்றது. அந்த ஒரே கோல்தான் இஸ்பெயினுக்கு முதன்முறையாக மகளிர் உலகக் கோப்பையைப் பெற்றுத் தந்தது. ஐந்து நாள்களுக்கு முன், சுவீடனுக்கு எதிரான அரையிறுதியில் வெற்றி கோல் அடித்தவரும் அவரே. அப்போது அவருக்கு வயது 23.

கோல் அடித்ததும் கார்மோனா தன் மேல்சட்டையை உயர்த்திக் காட்டினார். உள்ளே அணிந்திருந்த சட்டையில் 'மெர்ச்சி' என்ற பெயர் எழுதப்பட்டிருந்தது. சில நாள்களுக்குமுன் இறந்துபோன, தன் தோழி ஒருவரின் தாயை நினைத்து அவர் அதை எழுதியிருந்தார். ஆனால், அந்த நேரத்தில் அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. நெடுநாளாக நோயுற்றிருந்த அவருடைய தந்தை, அதற்கு இரண்டு நாள்களுக்குமுன், வெள்ளிக்கிழமையன்று இறந்துவிட்டார். மகளின் கவனம் கலையக்கூடாது என்று குடும்பத்தாரும் நண்பர்களும் அந்தச் செய்தியை அவரிடம் சொல்லவில்லை. கோப்பையை வென்ற பிறகே அவர் அதை அறிந்தார். பின்னர் அவர் எழுதிய செய்தியில், தான் அறியாமலேயே, ஆட்டம் தொடங்கும் முன்னரே தனக்கு ஒரு விண்மீன் கிடைத்திருந்தது என்ற பொருளில் குறிப்பிட்டிருந்தார். உலகக் கோப்பையை வென்ற அணி, தன் சீருடையில் ஒரு விண்மீனைப் பொறித்துக்கொள்வது வழக்கம். வெற்றியின் அடையாளமான அந்த விண்மீனை அவர் தன் தந்தையோடு இணைத்துப் பார்த்தார்.

இந்நிகழ்வில் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைப்பது எது? கார்மோனா அன்று சுமந்தது இன்னொருவரின் துக்கம். தோழியின் இழப்பைத் தன் நெஞ்சின்மேல் எழுதிக்கொண்டு அவர் ஓடினார். அதே நேரத்தில், அவருடைய துக்கத்தை வேறு சிலர் அவருக்காக மௌனமாகச் சுமந்துகொண்டிருந்தனர். ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்கவேண்டும் என்று புனித பவுல் கலாத்தியருக்கு எழுதுகிறார் (6:2). அந்த அறிவுரை ஒரு விளையாட்டுத் திடலில், யாரும் திட்டமிடாமலே, நிறைவேறியதைப் பார்க்கிறோம்.

செய்தியை மறைத்தது சரியா என்ற கேள்வி நம் எல்லாருக்கும் எழும். பதில் சொல்லும்முன், நம் நாட்டில் நடந்த மூன்று நிகழ்வுகளையும் பார்ப்போம்.

1999ஆம் ஆண்டு மே மாதம், இங்கிலாந்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தபோது, சச்சின் டெண்டுல்கரின் தந்தை இறந்தார். சச்சின் உடனே மும்பை திரும்பினார். ஜிம்பாப்வேக்கு எதிரான ஆட்டத்தில் அவர் இல்லை. தந்தைக்குச் செய்யவேண்டியதைச் செய்து முடித்து, தாயின் வற்புறுத்தலால் மீண்டும் இங்கிலாந்து சென்று, மே 23ஆம் தேதி கென்யாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 140 ஓட்டங்கள் எடுத்தார்.

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம், இந்திய மகளிர் ஹாக்கி அணி ஜப்பானின் ஹிரோஷிமா நகரில் விளையாடிக்கொண்டிருந்தது. அரையிறுதிக்கு முன்பாக, மிசோரமைச் சேர்ந்த 19 வயது லால்ரெம்சியாமிக்கு, தந்தை இறந்த செய்தி வந்தது. ஊர் திரும்புவதா, இருப்பதா என்ற முடிவில், தந்தை பெருமைப்படும்படி விளையாட வேண்டும் என்று அவர் அங்கேயே இருந்தார். இந்தியா அரையிறுதியில் சிலேயையும், இறுதியில் ஜப்பானையும் வென்றது. அதன்பிறகே அவர் வீடு திரும்பினார்.

2020ஆம் ஆண்டு நவம்பரில், ஐதராபாத்தில் ஆட்டோ ஓட்டி மகனை வளர்த்த தந்தையை இழந்தார் முகமது சிராஜ். அப்போது அவர் ஆஸ்திரேலியாவில், கோவிட் பெருந்தொற்றுக் காலத் தனிமையில் இருந்தார். ஊர் திரும்ப வாய்ப்பு அளிக்கப்பட்டும், அணியோடு தங்கினார். சிட்னியில் நாட்டுப்பண் ஒலித்தபோது அவர் கண்களில் நீர் வழிந்ததை நாடே பார்த்தது. பிரிஸ்பேன் போட்டியின் இரண்டாவது இன்னிங்சில் ஐந்து விக்கெட்டுகளை வீழ்த்தினார். தொடரை வென்று ஐதராபாத் விமான நிலையத்தில் இறங்கியவர், வீட்டுக்குப் போகும்முன் நேராகத் தந்தையின் கல்லறைக்குச் சென்றார்.

ஒருவர் ஊர் திரும்பி, பின்னர் வந்து ஆடினார். இருவர் செய்தி தெரிந்தும் அங்கேயே தங்கினர். ஒருவருக்கோ செய்தியே தெரியாது. இவர்களில் யார் தந்தையை அதிகம் நேசித்தவர் என்று நம்மால் அளக்க முடியுமா? முடியாது. துக்கம் எல்லாருக்கும் ஒரே வழியில் வருவதில்லை. ஆகவே, விளையாடினாரா, இல்லையா என்பதை வைத்து நாம் எவரையும் தீர்ப்பிடவேண்டாம்.

இனி நற்செய்திக்கு வருவோம். ஐயாயிரம் பேருக்கு இயேசு உணவளித்த நிகழ்வை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஐந்து அப்பம், இரண்டு மீன், பன்னிரண்டு கூடை என்று குழந்தைகளும் சொல்வார்கள். ஆனால், மத்தேயு நற்செய்தி 14ஆம் பிரிவில் அந்நிகழ்வு எப்படித் தொடங்குகிறது என்பதை நாம் கவனிப்பதில்லை. திருமுழுக்கு யோவானின் தலையை ஏரோது வெட்டச் செய்தான். சீடர்கள் உடலை அடக்கம் செய்துவிட்டு, இயேசுவிடம் வந்து அறிவித்தார்கள். யோவான், இயேசுவுக்கு உறவினர். அவருக்கு முன் சென்று வழியை ஆயத்தம் செய்தவர். செய்தியைக் கேட்ட இயேசு, படகேறித் தனிமையான ஓரிடத்திற்குச் சென்றார். துக்கம் தாளாத ஒருவர் செய்வதையே அவரும் செய்தார்.

ஆனால், மக்கள் கூட்டம் கரைவழியே நடந்து, அவரைத் தேடி வந்துவிட்டது. நாமாக இருந்தால், 'இன்றைக்கு வேண்டாம், வீட்டில் துக்கம்' என்று சொல்லியிருப்போம். அப்படிச் சொல்வதில் தவறும் இல்லை. இயேசுவோ அவர்கள்மீது பரிவு கொண்டார். நோயாளர்களைக் குணமாக்கினார். பசித்தவர்களுக்கு உணவளித்தார். அதாவது, துக்க நாளிலும் அவர் தம் பணியைச் செய்தார்.

கதை அத்தோடு முடியவில்லை. எல்லாரும் உண்டு முடித்ததும், சீடர்களைப் படகில் அனுப்பிவிட்டு, கூட்டத்தையும் அனுப்பிவிட்டு, அவர் தனியாக மலைமேல் ஏறினார். இரவாகியும் அங்கே தனித்திருந்து இறைவனிடம் வேண்டினார். காலையில் பறிபோன தனிமையை மாலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார். இடையில் செய்த பணி அவருடைய துக்கத்தை அழித்துவிடவில்லை. சற்றுத் தள்ளி வைத்தது, அவ்வளவுதான். சிராஜ் விமான நிலையத்திலிருந்து நேராகக் கல்லறைக்குச் சென்றதை இங்கே நினைத்துக்கொள்வோம். அது அவர் ஏறிய மலை.

துக்கத்தோடு ஆடும் பிள்ளைக்கு ஆட்டம் உதவவே செய்கிறது. சாவு வீட்டில் எல்லாம் தலைகீழாகிவிடுகிறது. சமையல் இல்லை, தூக்கம் இல்லை, அம்மாவின் முகமே வேறாகிவிடுகிறது. திடலில் மட்டும்தான் எதுவும் மாறவில்லை. அதே கோடு, அதே பந்து, அதே நண்பர்கள். ஒன்றரை மணி நேரம் மூச்சு முட்ட ஓடும்போது, மனம் சற்று இளைப்பாறுகிறது. எனவே விளையாடப் போகும் பிள்ளை தந்தையை மறந்துவிட்டான் என்று எண்ணுவது தவறு. அதேபோல, அவன் நன்றாக விளையாடிவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணுவதும் தவறு. ஆட்டம் முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, இரவு வீட்டுக்கு வந்து படுக்கும்போதுதான் அவனுக்கு எல்லாம் நினைவுக்கு வரும்.

இது விளையாட்டு வீரர்களின் கதை மட்டுமல்ல. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதம், தந்தையின் உடல் வீட்டில் இருக்க, பிளஸ் டூ தேர்வு எழுதச் சென்ற மாணவரைப் பற்றி நாளிதழில் படிக்கிறோம். படத்தைப் பார்த்துக் கண்கலங்கி, நான்கு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். வேறு சில வீடுகளில், கடைசித் தேர்வு முடியும்வரை சாவுச் செய்தியையே பிள்ளையிடம் சொல்லாமல் வைத்திருக்கிறோம். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறோம். ஆனாலும் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கார்மோனா கடல்களுக்கு அப்பால் இருந்தார். மறைக்கப்பட்டது இரண்டு நாள்கள். ஆட்டம் முடிந்ததும் சொல்லிவிட்டார்கள். நம் பிள்ளையோ ஒரு பேருந்து தூரத்தில் இருக்கிறார். பிளஸ் டூ தேர்வைத் தவறவிட்டால், சில மாதங்களில் துணைத் தேர்வு எழுதலாம். அப்பாவின் முகத்தை மறுபடி பார்க்க முடியாது. அந்தக் கடைசிப் பார்வையை அவரைக் கேட்காமல் நாம் எடுத்துவிட்டால், பிற்காலத்தில் எந்த மதிப்பெண்ணாலும் அதை ஈடுசெய்ய இயலாது.

ஆகவே, முடிந்தவரை பிள்ளையிடம் உண்மையைச் சொல்வோம். அதுவும் கைப்பேசித் தகவலாகப் போய்ச் சேராமல், அவர் மிகவும் நம்பும் ஒருவர் அருகில் அமர்ந்து சொல்லட்டும். சொன்னபின், "நீ எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி, விளையாடினாலும் சரி, வேண்டாம் என்றாலும் சரி, நாங்கள் உன்னோடு இருக்கிறோம்" என்று சொல்வோம். போகிறேன் என்றால், உடன் ஒருவர் செல்லட்டும். வேண்டாம் என்றால், கோழை என்று எவரும் நினைக்க விடாதிருப்போம். வீரம் பிள்ளையாக விரும்பித் தருவது. நாம் கேட்டு வாங்குவது அல்ல.

இன்னும் ஒன்று. துக்க வீட்டிற்குப் போகும் நாம், மூத்த மகனின் தோளைத் தட்டி, "நீதான் இனி ஆம்பள, நீ அழக்கூடாது" என்று சொல்லிவிட்டு வருகிறோம். பதினைந்து வயதுப் பிள்ளையின் தலையில் ஒரு குடும்பத்தையே தூக்கி வைத்துவிட்டு, கண்ணீரையும் பிடுங்கிக்கொள்கிறோம். தம் நண்பர் லாசரின் கல்லறைக்குச் செல்லும் வழியில், பலர் பார்க்க இயேசு அழுதார் என்று யோவான் எழுதுகிறார் (11:35). இயேசு அழுதார் என்றால், நம் பிள்ளைகளும் அழலாம்.

அடக்கத்தன்று நூறு பேர் வருகிறோம். முப்பதாம் நாள் திருப்பலிக்கு இருபது பேர் வருகிறோம். அதற்குப் பிறகு? ஆறு மாதம் கழித்துத்தான் பிள்ளைக்குப் பலவும் உறைக்கிறது. பள்ளியில் கையெழுத்து வாங்கவேண்டிய நாள், பிறந்த நாள், கிறிஸ்மஸ் இரவு. அந்நாள்களில் அவரோடு பேச ஒருவர் வேண்டும். அது மறைக்கல்வி ஆசிரியராக இருக்கலாம், இளையோர் அணியின் பயிற்சியாளராக இருக்கலாம், பக்கத்து வீட்டு அத்தையாக இருக்கலாம். பேசவேண்டிய பேச்சும் பெரிதல்ல: "அப்பா நினைப்பு வந்துச்சாடா? சாப்பிட்டியா?" பிள்ளை தூக்கமிழந்து, எதிலும் மனமில்லாமல், எவரோடும் சேராமல் வாரக்கணக்கில் இருந்தால், மனநல உதவியை நாடுவது நம்பிக்கைக் குறைவு அல்ல. அரசின் டெலி மனஸ் உதவி எண் 14416இல், எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

அன்பு உள்ளங்களே, நவம்பர் 2ஆம் தேதி, குயிபிள் ஐலண்ட் கல்லறையிலும் கீழ்ப்பாக்கம் கல்லறையிலும் பூக்களோடும் மெழுகுதிரிகளோடும் நாம் கூடுவோம். பெரியவர்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருப்போம். சற்றுத் தள்ளி, புதுச் சிலுவை ஒன்றின் அருகில், விளையாட்டுச் சட்டை அணிந்த ஒரு பிள்ளை பேசாமல் நின்றிருக்கலாம். "வா, நேரமாச்சு" என்று அவசரப்படுத்தாமல், அவர் விரும்பும்வரை நிற்க விடுவோம். நாமும் அருகில் நிற்போம்.

மன்றாடுவோம்: இறைவா, யோவானின் சாவுச் செய்தியைக் கேட்ட நாளிலும் பசித்தோருக்கு உணவளித்த உம் திருமகன், மாலையில் மலையேறி உம்மிடம் வந்தார். அன்புக்குரியவர்களை இழந்தும், பள்ளிக்கும் திடலுக்கும் வேலைக்கும் செல்லும் எம் பிள்ளைகளை நீர் அறிவீர். அவர்கள் ஓடும்போது கால்களுக்கு வலுவையும், ஓய்ந்து அமரும்போது அழுவதற்கு ஓர் இடத்தையும், அந்த இடத்தில் அவர்களோடு அமர்ந்திருக்கும் பொறுமையை எங்களுக்கும் தாரும். ஆமென்.