காலதர்

மாணவர்களே! நீங்கள் அமர்ந்திருக்கும் வகுப்பறைக்குள் ஒளி எவ்வழியாக வருகின்றது? காற்று எவ்வழியாக நுழைகின்றது? நாள்தோறும் காண்பதனாலேயே நாம் கருதிப் பாராத பொருள்களுள் சன்னலும் ஒன்று. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் நம் ஊர்த் தச்சரின் உளிக்கும் இடமுண்டு. கடல் கடந்த நாடுகளின் உலைகளுக்கும் இடமுண்டு.

சன்னல் என்பது போர்ச்சுக்கீசியர் வழங்கிய ‘ஜனேலா’ என்னும் சொல்லின் திரிபாகும். அவர்கள் வருமுன்பே நம் முன்னோர் சாளரம், பலகணி, காலதர் என்னும் பெயர்களை வழங்கினர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. எனவே, காற்று வரும் வழியே காலதர். மானின் கண்ணைப் போன்ற காலதர்களை உடைய மாளிகைகள் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தனவாகச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. ஆங்கிலேயரின் ‘விண்டோ’ என்னும் சொல்லும், ‘காற்றின் கண்’ எனப் பொருள்படும் பழைய வடபுல மொழிச் சொல்லிலிருந்து பிறந்ததே. தொலைவில் வாழ்ந்த இரு மக்களும் சன்னலை முதலில் காற்றின் வழியாகவே கண்டனர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

புகார் நகரின் பெயரை நினைவூட்டும் மற்றோர் ஊர், கிருட்டிணகிரிக்குத் தெற்கே தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த காவேரிப்பட்டினம். இத்தகைய ஊர்களில் முற்காலத்தில் சன்னல் செய்தவர் தச்சரே. வேம்பு, வேங்கை, தேக்கு ஆகிய மரங்களை அறுத்து, இழைத்து, ஒரு சட்டத்தில் துளையிட்டு, மற்றொன்றின் முனையை அதனுள் செருகி இறுக்குவர். சட்டத்தின் நடுவே கொல்லர் அடித்துத் தந்த கம்பிகள் நிற்கும். ஒரு வீட்டுச் சன்னல் மற்றொரு வீட்டிற்குப் பொருந்தாது. ஒவ்வொன்றும் அவ்வச் சுவருக்கென்றே அளந்து செய்யப்பட்டதாகும்.

ஆயினும் மரத்திற்குக் குறைகளும் உண்டு. கறையான் அரிக்கும், வெயிலில் பிளக்கும். யான் இளமையில் வாழ்ந்த வீட்டில், மழைக்காலம் வந்தால் சன்னற்கதவு ஊதிப்போய்த் திறக்க வாராது. தோளால் இடித்தே திறப்போம். நல்ல மரத்தின் விலையும் ஆண்டுதோறும் ஏறிற்று. ஆதலின் மக்கள் வேறு பொருள்களை நாடினர். இங்கிலாந்தில் கிரிட்டால் என்பவர் 1884ஆம் ஆண்டிலேயே உலோகச் சன்னல்களைச் செய்யத் தொடங்கியிருந்தார். இரும்புச் சன்னல் பின்னர் நம் நாட்டின் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பரவியது. அது கறையானை வென்றது. ஆனால் துருவுக்குத் தோற்றது.

துருப்பிடியாத அலுமினியம் அடுத்து வந்தது. சேலம் பகுதி மலைகளில் கிடைத்த பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் 1965ஆம் ஆண்டில் அலுமினிய ஆலை ஒன்று இயங்கத் தொடங்கிற்று. பிற்காலத்தில் அதன் உருக்காலை மூடப்பட்டது. அலுமினியச் சட்டம் செய்யும் முறையை நம் வீட்டு அடுக்களையிலேயே அறியலாம். நாழியில் மாவை இட்டு அழுத்தினால், அச்சின் துளை எவ்வடிவோ அவ்வடிவில் இடியாப்பம் வெளிவருகின்றதன்றோ? அவ்வாறே சூடேற்றிய அலுமினியத்தை அச்சின் வழியே அழுத்திச் சட்டமாக்குகின்றனர்.

கண்ணாடியிலும் பெருமாற்றம் நிகழ்ந்தது. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. அம்முறையில் கண்ணாடி செய்யும் ஆலை திருப்பெரும்புதூரில் 2000ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கியது. செருமனியில் 1950களில் தோன்றிய பிளாஸ்டிக் சட்டச் சன்னல்களும் இன்று நம் ஊர்களை அடைந்துவிட்டன.

தமிழ்நாடு அரசின் தொழில் முன்னேற்றக் கழகமாகிய சிப்காட் 1971இல் நிறுவப்பட்டது. அதன் தொழிற்பேட்டையால் ஓசூர் வளர்ந்தது; பெங்களூரின் அண்மையும் அவ்வளர்ச்சிக்குத் துணையாயிற்று. ஆலைகள் பெருகின, குடியிருப்புகள் பெருகின, சன்னலின் தேவையும் பெருகிற்று. உளி ஒலித்த இடத்தில் இன்று மின்வாள் ஒலிக்கின்றது. பட்டறைகளில் ஆயத்தச் சட்டங்களை அளவாக வெட்டி, திருகாணியால் இணைத்து, விரைவில் முடித்துவிடுகின்றனர். மரம் இழைத்த கைகள் பல இத்தொழிலையும் கற்றுப் பிழைக்கின்றன. கல்லாத கைகள் வேலையின்றி வாடுகின்றன.

இவ்வளர்ச்சியில் நாம் இழந்தது ஏதேனும் உண்டா? உண்டு. வறண்ட வெப்பப் பகுதிகளில், அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்கேனும் சன்னல் திறப்பு வேண்டும் என்று இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு கூறுகின்றது. 120 சதுர அடி அறைக்கு 12 சதுர அடி வேண்டும் என்பது கணக்கு. கீல் வைத்த பழைய சன்னலை முழுதும் திறக்கலாம். இரண்டு கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும் புதிய சன்னலோ, பாதியளவே திறக்கும். 12 சதுர அடிச் சன்னலில் ஏறத்தாழ 6 சதுர அடி வழியே காற்று வரும். ஒளி நிறைகின்றது, காற்றோ குறைகின்றது. குறைந்த காற்றை ஈடுசெய்ய மின்விசிறி சுழல்கின்றது; மின்கட்டணம் உயர்கின்றது.

இது புதுப்பொருளின் குற்றமன்று. அலுமினியத்திலும் பிளாஸ்டிக்கிலும் முழுதும் திறக்கும் சன்னல்களைச் செய்யலாம், செய்கின்றவரும் உளர். கேட்டுப் பெறாதது நம் குறையேயாகும்.

மாணவர்களே! இன்று உங்கள் வகுப்பறையின் தரைப்பரப்பையும் சன்னல்கள் திறக்கும் பரப்பையும் அளந்து பாருங்கள். நாளை நீங்கள் வீடு கட்டும்போது, சன்னலின் அழகையும் விலையையும் பார்ப்பதோடு, காற்று வரும் வழியையும் பாருங்கள். காலதர் என்று பெயரிட்ட முன்னோர் நமக்குக் கூறிச் சென்ற அறிவுரை அதுவே.